முதலாவதாக அழைக்கப்பட்ட பிள்ளைகள்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா எங்களை மறித்தார். "சேர், மகன் வெட்டுப்புள்ளிக்கு மேலதான். ஆனா ஸ்கூல்ல மூணாவது" என்றார். அந்த 'ஆனா'வில் அவருடைய குரல் இறங்கிவிட்டது. மகன் பக்கத்தில்தான் நின்றான். தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாஷா அல்லாஹ், நல்ல பெறுபேறு" என்று அவனுடைய தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டோம். அதற்கு மேல் அந்த இடத்தில் சொல்ல எங்களுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தது அமெரிக்க பேஸ்போல் விளையாட்டின் ஒரு பட்டியல். கிரிக்கெட் நாட்டில் பேஸ்போல் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். எல்லே விளையாடியவர்களுக்குப் பாதி ஏற்கனவே விளங்கியிருக்கும்: ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், அடித்தவர் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடுவார். நாங்கள் சொல்லவருவது ஆட்டத்தைப் பற்றியல்ல. அங்கே ஒவ்வொரு வருடமும் 17, 18 வயதுப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நாடே பார்க்க இலக்கம் போடுகிறார்கள். அதற்குப் பெயர் ட்ராஃப்ட். 1965ஆம் ஆண்டிலிருந்து யார் முதலாவது, யார் இரண்டாவது, யார் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறாவது என்று எல்லாம் பதிவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. இலக்கத்தையும் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படியொரு வாய்ப்பு வேறெங்கும் இலகுவில் கிடைக்காது.

ஐ.பி.எல். ஏலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏலத்தில் காசு கூடியவர் வெல்வார். ட்ராஃப்டில் கழகங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும். வரிசையை நிர்ணயிப்பது முந்திய வருடத்துத் தோல்வி: மோசமாகத் தோற்ற கழகத்துக்கு முன்னிடம். (இப்போது முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. 2023 முதல் அப்படி.) ஒரு கழகம் பெயர் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையோடு அந்தக் கழகம் மட்டும்தான் பேசலாம்.

1965க்கு முன்னர் இந்த ஏற்பாடு இல்லை. எந்தப் பிள்ளையும் எந்தக் கழகத்தோடும் ஒப்பந்தம் செய்யலாம். பணக்காரக் கழகங்கள் நல்ல பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. 1964இல் ரிக் ரைக்கார்ட் என்ற பல்கலைக்கழக மாணவனுக்கு ஏஞ்சல்ஸ் கழகம் 205,000 டொலர் கொடுத்தபோது கழக உரிமையாளர்கள் திடுக்கிட்டார்கள். அடுத்த வருடமே ட்ராஃப்ட் வந்தது. கழகங்களுக்கிடையே சமநிலை வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். பிள்ளைகளின் விலையும் இறங்கியது என்பது கூடவே நடந்த காரியம். முதல் ட்ராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட ரிக் மண்டே என்ற அரிசோனா மாணவன் வாங்கியது ஏறத்தாழ 100,000 டொலர். அதாவது ரைக்கார்ட் வாங்கியதில் பாதி. மண்டே 19 பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடினார். நல்ல ஆரம்பம்தான்.

இரண்டாவது வருடமே சறுக்கியது.

1966இல் முதல் இடம் நியூயோர்க் மெட்ஸ் கழகத்துக்கு. அவர்கள் கலிபோர்னியாவிலிருந்து ஸ்டீவ் சில்கொட் என்ற பாடசாலை மாணவனை எடுத்தார்கள். அவன் பிடிப்பாளர், நம் விக்கெட் காப்பாளரைப் போல. இரண்டாவதாக நின்ற கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ், ரெஜி ஜெக்சன் என்ற கறுப்பின மாணவரை எடுத்தது. சில்கொட் அடுத்த வருடம் ஓர் ஆட்டத்தில் தரிப்பிடத்துக்குப் பாய்ந்து திரும்பும்போது தோளைக் காயப்படுத்திக்கொண்டார். அந்தத் தோள் பிறகு சரிவரவேயில்லை. மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாமல் 24 வயதில் விளையாட்டை விட்டார். ரெஜி ஜெக்சன் 563 ஹோம் ரன் அடித்து, ஐந்து உலகத் தொடர்களை வென்ற அணிகளில் இருந்து, 1993இல் புகழ் மண்டபத்துக்குள் போனார்.

தன்னை மெட்ஸ் தவிர்த்ததற்குத் திறமை காரணமல்ல, தான் பழகிய பெண் கறுப்பினத்தவர் இல்லை என்பதே காரணம் என்று தன் பயிற்றுநர் சொன்னதாக ரெஜி பிற்காலத்தில் எழுதினார். மெட்ஸ் தரப்பு அதை மறுத்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது பிடிப்பாளர்தான் என்றது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் ஓர் இலக்கத்துக்குள் இலக்கம் போடுபவரின் கண்ணும் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் எங்களுக்கு அது தெரியும்.

சில்கொட்டின் பெயர் வந்தால் ஆட்கள் சிரிப்பார்கள். 'ரெஜியை விட்டு எடுத்த பையன்' என்று. அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து அவனுடைய பெயரை முதலில் சொன்னார்கள், அவ்வளவுதான். இருபதாவதாகச் சொல்லியிருந்தால் காயப்பட்டு வீடு போன நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் ஒருவனாக நிம்மதியாக மறக்கப்பட்டிருப்பான்.

1973க்கு வருவோம். இந்த வருடத்தை வாசிக்கும்போது எங்களுக்குக் கோபம் வரும். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கழகம் முதலாவதாக டேவிட் கிளைட் என்ற 18 வயதுப் பந்தெறிவாளனை எடுத்தது. ஹூஸ்டன் நகரத்துப் பாடசாலைப் பையன். வழக்கமாக இப்படிப்பட்டவர்களை மைனர் லீக் என்ற கீழ்மட்டப் போட்டிகளில் இரண்டு, மூன்று வருடம் பழக்குவார்கள். ரேஞ்சர்ஸ் கழகத்துக்கோ காசு இல்லை. மைதானத்துக்குச் சனம் வருவதில்லை. பாடசாலை முடித்த அதே ஜூன் மாதம், 27ஆம் திகதி, கிளைட்டை நேரே மேஜர் லீக் மைதானத்தில் இறக்கினார்கள். 35,000க்கும் மேற்பட்ட சனம். பையன் அன்று வென்றான். இரண்டு ஆட்டம் ஆடவிட்டு மைனர் லீக்குக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. வாசலில் சேர்ந்த காசைப் பார்த்த உரிமையாளர் அனுப்பவில்லை. 18 வெற்றி, 33 தோல்வி, பழுதான தோள். 1979க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஆடவில்லை. அதே ட்ராஃப்டில் மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் ரொபின் யவுண்ட், நான்காவது டேவ் வின்ஃபீல்ட். இருவரும் 3,000க்கு மேல் அடிகள் எடுத்து இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது!

டெனி குட்வின் என்பவரையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். முதலாம் இடத்தில் இரண்டு தடவை அழைக்கப்பட்ட ஒரே மனிதர் அவர்தான். 1971இல் வைட் சொக்ஸ் அழைத்தது. மறுத்துவிட்டுப் பல்கலைக்கழகம் போனார். 1975இல் ஏஞ்சல்ஸ் மறுபடியும் முதலாவதாக அழைத்தது. மேஜர் லீக்கில் அவர் ஆடியது மொத்தம் 252 ஆட்டங்கள், 13 ஹோம் ரன்.

இனி பிரையன் டெய்லரின் கதை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வட கரோலினாவின் கரையோரத்தில் போஃபோர்ட் என்ற சிறிய ஊர். தந்தை கல் கட்டும் மேசன். தாய் நண்டு பதனிடும் இடத்தில் வேலை. நம் கரையோரத்து வீடுகள் பலவற்றைப் போன்ற ஒரு வீடு. மகன் இடது கையால் எறியும் பந்து மணிக்கு 95 மைலுக்கு மேல் போகும். 1991இல் நியூயோர்க் யாங்கீஸ் கழகம் அவரை முதலாவதாக அழைத்தது. கழகம் முதலில் சொன்ன தொகை குறைவு. முந்திய வருடம் டெக்சாஸைச் சேர்ந்த டொட் வான் பொப்பல் என்ற வெள்ளையினப் பையனுக்கு 1.2 மில்லியன் டொலர் கிடைத்திருந்தது. அதை விடக் குறையாமல் என் மகனுக்கும் தரவேண்டும் என்று அந்தத் தாய் அசையாமல் நின்றார். கடைசியில் 1.55 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம். அதுவரை எந்தப் பிள்ளைக்கும் ட்ராஃப்டில் கொடுக்கப்படாத தொகை. அந்தத் தாயை நினைத்தால் எங்களுக்கு மதிப்புத்தான் வருகிறது.

இரண்டு வருடம் மைனர் லீக்கில் நன்றாகத்தான் எறிந்தார். 1993 டிசம்பர் மாதம், விடுமுறைக்கு ஊரில் நின்றபோது, சகோதரன் ஒரு சண்டையில் அடிபட்டான் என்று கேள்விப்பட்டுக் கேட்கப் போனார். அந்தக் கைகலப்பில் தோள் கிழிந்தது. பந்து எறியும் இடது தோள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த வேகம் திரும்பி வரவேயில்லை. 1998இல் யாங்கீஸ் விட்டுவிட்டது. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. ஊருக்குத் திரும்பித் தந்தையோடு கல் கட்டும் வேலைக்குப் போனார். பிற்காலத்தில் போதைப்பொருள் விற்ற வழக்கில் 2012இல் அவருக்கு 38 மாதச் சிறைத்தண்டனை.

இதைச் சிலர் 'காசு கெடுத்துவிட்டது' என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சகோதரன் அடிபட்டான் என்று கேட்டால் வீட்டில் இருந்திருப்போமா? 21 வயதில் ஓர் இரவு எடுத்த முடிவு அது. அந்தப் பிள்ளைக்குப் பந்து எறிவதைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லாரும் முன்பே தீர்மானித்திருந்ததுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

2004ஆம் ஆண்டின் முதலாமவர் மெட் புஷ். சென் டியேகோ கழகம் தன் சொந்த ஊர்ப் பையனையே எடுத்தது. மற்றவர்கள் கேட்ட தொகை அதிகம் என்பது முக்கிய காரணம். இரண்டாவதாக அழைக்கப்பட்ட ஜஸ்டின் வெர்லண்டர் தன் காலத்தின் தலைசிறந்த பந்தெறிவாளர்களில் ஒருவரானார். புஷ் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி, 2012இல் மதுபோதையில் வாகனம் ஓட்டி முதியவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மோதிவிட்டு ஓடியதற்காக மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். வெளியே வந்து 2016இல், 30 வயதில், ரேஞ்சர்ஸ் அணிக்காக முதல் தடவையாக மேஜர் லீக்கில் எறிந்தார். அடிபட்ட முதியவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த மீட்சிக் கதை அவ்வளவு இனிப்பாக இராது. அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே 30 வயதில் இன்னொருவர். 2013இல் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் முதலாவதாக அழைத்த மார்க் அப்பெல். ஸ்டன்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர். அடுத்ததாக அழைக்கப்பட்ட கிரிஸ் பிரையண்ட் மூன்று வருடத்தில் சிக்காகோ கப்ஸ் அணியோடு உலகத் தொடரை வென்றார். அப்பெல் மைனர் லீக்கிலேயே தடுமாறி, கழகம் மாறி, காயப்பட்டு, 2018இல் போதும் என்று விட்டுவிட்டார். மூன்று வருடம் பந்தைத் தொடவில்லை. 2021இல் திரும்பி வந்தார். 2022 ஜூன் 29ஆம் திகதி பிலடெல்பியா அணிக்காக இறங்கி ஓர் இன்னிங்ஸ் எறிந்தார், ஓட்டம் கொடுக்கவில்லை. மேஜர் லீக்கில் அவர் ஆடியது மொத்தம் ஆறு ஆட்டங்கள். ஆறே ஆறு. அன்றிரவு அவரைப் பற்றி எழுதியவர்கள் 2013இல் எழுதியதை விட அன்பாக எழுதினார்கள்.

இதுவரை வாசித்துவிட்டு, முதலாம் இலக்கம் என்றாலே நாசம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். சிப்பர் ஜோன்ஸ், ஹெரல்ட் பெய்ன்ஸ், ஜோ மவர் மூவரும் முதலாவதாக அழைக்கப்பட்டுப் புகழ் மண்டபம் வரை போனவர்கள். இலக்கம் போடுபவர்கள் மடையர்களும் அல்ல. ஆனால் அவர்களுக்குள்ளேயே சிலர் பிள்ளையைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் பேச்சு மேசையில் எடுபடவில்லை. ஹெல் நியூஹவுசர் அப்படி ஒருவர்.

நியூஹவுசர் தன் காலத்தில் பெரிய பந்தெறிவாளர். 1944, 1945 இரண்டு வருடமும் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே. வயதான பிறகு மிச்சிகன் மாநிலத்தில் அஸ்ட்ரோஸ் கழகத்துக்காகத் திறமையான பிள்ளைகளைத் தேடும் வேலை பார்த்தார். கலமசூ என்ற ஊரில் ஒரு பாடசாலைப் பையனைத் தொடர்ந்து பார்த்து வந்தார். 1992இல் முதலாம் இடம் அஸ்ட்ரோஸுக்கு. இந்தப் பிள்ளையை விடாதீர்கள் என்று கிழவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். பையன் அதிக காசு கேட்பான் என்று பயந்த கழகம் ஃபில் நெவின் என்ற பல்கலைக்கழக வீரரை எடுத்தது. நியூஹவுசர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மற்றக் கழகங்களும் அந்தப் பையனைத் தாண்டிப் போயின. ஆறாவதாக நின்ற யாங்கீஸ் எடுத்தது. பெயர் டெரெக் ஜீட்டர். 3,465 அடிகள், ஐந்து உலகத் தொடர் வெற்றிகள். புகழ் மண்டப வாக்கெடுப்பில் 397 பேரில் 396 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். நெவினும் மோசமில்லை, 208 ஹோம் ரன் அடித்தவர். ஆனால் ஒரு பிள்ளைக்காக வேலையையே விட்ட அந்த வயதானவரைத்தான் நாங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி நினைத்துக்கொள்வோம்.

இனிக் கடைசிப் பகுதி. 2016 ஜூலை 24ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருவர் ஒரே மேடையில் புகழ் மண்டபத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள்.

ஒருவர் கென் கிரிஃபி ஜூனியர். 1987இல் சியாட்டல் கழகம் முதலாவதாக அழைத்தபோது 17 வயது. தந்தையும் பெயர்பெற்ற மேஜர் லீக் வீரர். முதலாவதாக அழைக்கப்பட்டவர்களில் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். 630 ஹோம் ரன், 99.3 சதவீத வாக்கு. முதலாம் இலக்கம் சரியாகப் பலித்தது என்று காட்ட இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த உதாரணப் பிள்ளை, அழைக்கப்பட்ட ஏழே மாதத்தில், 1988 ஜனவரியில், தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலையில் கிடந்தார். எதிர்பார்ப்பின் பாரம், தந்தையோடு ஓயாத வாக்குவாதம். 1992இல் அவரே பத்திரிகைக்கு இதைச் சொன்னார். தன்னைப் போன்ற நிலையில் இருக்கும் இளம்பிள்ளைகள் அந்த முடிவுக்குப் போகக்கூடாது என்பதற்காகச் சொல்வதாகச் சொன்னார். வாக்குவாதம் தீர்ந்து 1990இல் தந்தையும் மகனும் ஒரே அணியில் ஒன்றாக ஆடியதை உலகம் பார்த்தது. நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. (நம் நாட்டில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மனநல உதவி கிடைக்கும். பெறுபேற்றுக் காலத்தில் வீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.)

மேடையில் நின்ற மற்றவர் மைக் பியாசா. 1988 ட்ராஃப்டின் 62ஆவது சுற்றில், 1,390ஆவதாக அழைக்கப்பட்டவர். அதுவும் திறமைக்காக அல்ல. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் முகாமையாளர் டொமி லசோர்டா, பியாசாவின் தந்தைக்குச் சின்ன வயதுச் சிநேகிதர். சிநேகிதருக்காகக் கடைசியில் ஒரு பெயர். நம் ஊரில் 'ஆள் பிடித்து' என்போமே, அதுதான். சிபாரிசைப் புகழ இதைச் சொல்லவில்லை. 1,389 பெயர்கள் சொல்லப்படும் வரை எந்தக் கழகத்துக்கும் அவர் தேவைப்படவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

முதலில் அவர் பிடிப்பாளரே அல்ல; அந்த வேலையைப் பிறகுதான் கற்றுக்கொண்டார். டொமினிக்கன் குடியரசில் டொட்ஜர்ஸ் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போய், பாஷை தெரியாத பிள்ளைகளோடு தங்கிப் பழகினார். 1993இல் லீக்கின் சிறந்த புதுமுகம். மொத்தம் 427 ஹோம் ரன். அதில் 396 பிடிப்பாளராக ஆடி அடித்தவை. அந்த இடத்தில் ஆடிய எவரும் அவ்வளவு அடித்ததில்லை. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயோர்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் மெட்ஸ் அணியை வெல்ல வைத்த அடியும் அவருடையதுதான்.

ஒன்றும் 1,390உம் ஒரே நாளில், ஒரே மேடையில். புகழ் மண்டபத்தின் வரலாற்றில் இதற்கு மேலான இலக்கமும் இல்லை. ட்ராஃப்டில் அழைக்கப்பட்டு அங்கே போனவர்களில் இதற்குக் கீழான இலக்கமும் இல்லை.

இப்போது ட்ராஃப்டைச் சுருக்கிவிட்டார்கள். 2021 முதல் இருபது சுற்றுகள், ஏறத்தாழ அறுநூறு பெயர்கள். அதற்குள் வராத பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டத்தில் இலக்கமே கிடையாது. பியாசாவின் 62ஆவது சுற்று இனி நடக்காது.

அந்த மூன்றாம் இடத்துப் பிள்ளையை அடுத்த கிழமை மைதானத்தில் கண்டோம். எல்லே ஆடிக்கொண்டிருந்தான். ஓடி வந்து சலாம் சொல்லிவிட்டு மறுபடியும் ஓடிவிட்டான்.